ஓடிப்போகாத நாற்பது பேரும் மச்சாளும்

மச்சாள் அந்த வெள்ளைக்காரர்களின் மலையில் விரல் வைத்த பின்னேரம், அவரது தோளில் கோப்பை துடைக்கிற துவாய் கிடந்தது. நீலக் கட்டம் போட்ட துவாய். கையில் சவர்க்கார நுரைகூடக் காய்ந்திருக்கவில்லை. சாந்தில் செய்து, பச்சையும் மண்நிறமும் பூசி, மேசை நிறையப் பரப்பி வைத்திருந்த மலை அது. அதில் ஒரு பள்ளத்தில் விரலை ஊன்றி, "இங்கே நின்றார்கள்" என்றார் ஆங்கிலத்தில். பன்னிரண்டு ஆண்கள் பிஸ்கட்டைக் கடித்தபடியே அவரைப் பார்த்தார்கள். நான் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தேன்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோர் ஒன்றில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவர். அளவையாளர் வெயிலில் நின்று குறித்துவரும் எண்களைத் தாளில் காணியாக்குவது அவர் வேலை. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்ததும் தன் சான்றிதழ்களோடு ஓரிடத்தில் வேலை கேட்டுப் போனார். அங்கே இருந்தவர் விரித்தும் பாராமல், இது இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டாராம். அன்று அந்தச் சான்றிதழ்க் கோவையை உடுப்புப் பெட்டியின் அடியில் வைத்தவர்தான், பிறகு எடுக்கவேயில்லை. ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு பொதுமண்டபத்தில் கதிரை அடுக்கவும் தேநீர் ஊற்றவும் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. நான் வாயாடி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வேன். மச்சாள் அப்படியில்லை. என்ன வேலை என்று கோயிலில் யாராவது கேட்டால், "முந்திப் படம் கீறினனான்" என்பார். அந்த 'முந்தி'யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்த மண்டபத்தில் ஒரு கழகம் கூடும். இளைப்பாறிய ஆசிரியர், பஸ் சாரதி, பல் வைத்தியர் என்று எல்லாம் வயதான வெள்ளைக்காரர்கள். அமெரிக்காவின் மேற்குப் புல்வெளியில் நூறு வருடத்துக்கு முன் குதிரைப்படைக்கும் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் நடந்த ஒரு சண்டையில், யார் எந்த மேட்டில் நின்றார்கள் என்று குண்டூசி குத்திப் பார்ப்பதுதான் அவர்கள் பொழுது. வேலை மினைக்கெட்ட கூட்டம் என்று நான் வாய்க்குள் சிரிப்பேன். குதிரைப்படையின் எல்லா அணிகளுக்கும் இடம் கண்டுவிட்டார்கள், நாற்பது பேர் கொண்ட ஓர் அணியைத் தவிர. அதற்கு இருந்த ஒரே சான்று, சண்டை முடிந்து சில நாளில் அந்த மேட்டில் ஏறிய ஓர் அதிகாரி திசைகாட்டும் காம்பஸ் பிடித்துக் கீறிய கைப்படம். அதன்படி ஊசி குத்தினால் அந்த நாற்பது பேரும் சண்டைக்கு எட்டத்தில், மேட்டின் பின்சரிவில் போய் விழுந்தார்கள். ஆகவே கழகத்தில் அவர்களுக்கு 'ஓடின அணி' என்று பெயர். செத்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தேநீர் குடிப்பார்கள்.

சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கைப்படத்தை மச்சாள் மூன்று கிழமை கோப்பை பொறுக்குகிற சாட்டில் பார்த்தார். நாலாம் கிழமை, கேக் தட்டில் விரிக்கிற எண்ணெய்த்தாளை அதன்மேல் வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த மனோர் பார்க் வீட்டுக் குசினி மேசையில் என் மகளின் பாகைமானியும் அடிமட்டமும் மூன்று நாள் கிடந்தன. பிறகு நூலகத்துக்குப் போய், கப்பலோட்டிகளுக்கான பழைய உலகப்படம் ஒன்றை எடுப்பித்துப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம்.

காம்பஸ் ஊசி எந்த ஊரிலும் சரியாக வடக்கைக் காட்டாது, கொஞ்சம் சாயும், அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுத்தான் படத்தை வைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த உலகப்படத்தின்படி எங்கள் ஊரில் ஊசி கிட்டத்தட்ட நேராகவே நிற்குமாம். இங்கிலாந்தில் மேற்கே சாயும். அந்த அமெரிக்கப் புல்வெளியில் நன்றாகக் கிழக்கே சாயும். கழகத்துத் தலைவர் பட்டாளத்தில் ஆட்களுக்கு வரைபடம் வாசிக்கப் பழக்கியவர். எவ்வளவு சாய்வு என்று புத்தகம் பார்த்துச் சரியாகத்தான் எடுத்திருந்தார். ஆனால் நாற்பது வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டில் இங்கிலாந்துக்காரன் திருப்புகிற இடப்பக்கத்துக்கே திருப்பிவிட்டது. பிழை இரட்டிப்பாகிவிட்டது. வலப்பக்கம் திருப்பிப் பார்த்தால் மற்ற அணிகளும் பிசகாமல் தத்தம் இடத்தில் வந்து குந்தின. ஓடின அணி, சண்டை மும்முரமாய் நடந்த இடத்தின் முன்னாலிருந்த பள்ளத்தில் வந்து நின்றது. அந்த இடத்தை மச்சாள் எண்ணெய்த்தாளில் ஒரு கோடாகக் கீறியிருந்தார்.

அண்ணை வேண்டாம் என்றார். அந்தத் தலைவர்தான் மண்டபத்துக்கும் பொறுப்பு, வாயைத் திறந்தால் வேலை போய்விடும், பேசாமல் இரும் என்று அரை மணித்தியாலம் புத்தி சொன்னார். மச்சாள் எண்ணெய்த்தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"பிழையான படத்தைப் பாத்துக்கொண்டு என்னால தேத்தண்ணி ஊத்த ஏலாது."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை விரல் பள்ளத்துக்குப் போனது. தலைவர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சிரித்தார். ஊசியின் சாய்வை எப்போதோ கழித்தாயிற்று அம்மா என்றார். மச்சாள் குரலை உயர்த்தவில்லை. எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று மட்டும் கேட்டார். தலைவர் கைகள் இரண்டையும் காற்றில் தூக்கி, இல்லாத படம் ஒன்றை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக வலப்பக்கம். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். பல் வைத்தியர்தான் முதலில் எழுந்து எண்ணெய்த்தாளைக் கையில் வாங்கினார்.

அந்தக் கோடையில் அமெரிக்காவில் அந்தப் போர்க்களத்தைப் பராமரிப்பவர்கள் உலோகம் தேடும் கருவிகளோடு தேடப் போவதாக இருந்தார்கள். கழகம் படத்தை அனுப்ப வேண்டும். தலைவர் எழுதிய கடிதத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். 'எங்களுக்குத் தேநீர் தரும் பெண்மணியின் கருத்துப்படி' என்று தொடங்கியது. மச்சாள் நிறுத்தச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி ஊத்திறன், உண்மைதான். ஆனா உந்தக் கோட்டைக் கீறினது ஒரு படவரைஞர் எல்லோ" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், கொஞ்சம் காரம் கூட்டித்தான் சொன்னேன். தலைவர் காது சிவக்கத் திரும்பத் தட்டச்சு அடித்தார். மச்சாளின் பெயரும் தொழிலும் கடிதத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டன. இனிப் பள்ளத்தில் ஒன்றும் அகப்படாவிட்டால் அந்தத் தொழிலை வாயால் சொல்லவும் முடியாது. அந்தக் கோடை முழுவதும் மச்சாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இலை உதிர்கிற காலத்தில் பதில் வந்தது. தலைவர் எழுந்து நின்று வாசித்தார். பள்ளத்தில், கீறிய கோட்டின் மேலேயே, வெற்றுத் தோட்டாக் கோதுகள் வரிசையாகக் கிடந்தனவாம். ஒவ்வொரு இடத்திலும் குவியலாக. நின்ற இடத்திலேயே நின்று சுட்டிருக்கிறார்கள், ஒருவரும் ஓடவில்லை. நான் வெட்கமில்லாமல் கை தட்டினேன். கடிதத்தின் முடிவில் இன்னொன்றும் இருந்தது. அங்குள்ள பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பள்ளத்தைத்தான் கைகாட்டி வந்தார்களாம், யாரும் அவர்களைக் கேட்டு எழுதி வைக்கவில்லையாம். மச்சாள் என் காதோடு கேட்டார்:

"அப்ப அவையளும் தேத்தண்ணிதான் ஊத்திக்கொண்டு இருந்தவையோ?"

அந்தக் கடிதத்தின் பிரதியோடு மச்சாள் மறுபடியும் வேலை கேட்டுப் போனார். கட்டட வரைபடங்கள் கீறும் சின்னக் கந்தோர் ஒன்று அவரை எடுத்தது. இளைப்பாறும் வரை அங்கேதான் இருந்தார். இப்போது எல்லாவற்றையும் கணினி கீறுகிறது. கோயிலில் யாராவது கேட்டால், "நான் படவரைஞர்" என்கிறார். முந்தி என்ற பேச்சே இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் அண்ணை எங்களை அந்தப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புல் இடுப்பளவுக்கு நின்றது. வழிகாட்டிப் பொடியன் ஒருவன் ஒரு கூட்டத்தைப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி, கடைசிவரை நகராமல் நின்ற நாற்பது பேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். நீர் ஆரெண்டு போய்ச் சொல்லும் என்று அண்ணை மச்சாளை இடித்தார். சரியான இடத்தைத்தானே காட்டுகிறான், பிறகென்ன என்று மச்சாள் நகர்ந்துவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்தக் கோடு கீறினது என்ர மச்சாள்" என்று கத்திவிட்டேன்.

அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மச்சாள் ஓடி வந்து என் கையைக் கிள்ளினார். சிரித்துக்கொண்டுதான் கிள்ளினார்.