மொட்டை மெஷின்

தட்டச்சுக் கடைக்காரர் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமலே காலால் தரையை உந்தி, உருண்டு அடுத்த மேசைக்குப் போகிறார். அங்கே இருக்கும் பழைய கணினிக்கு அவர் வைத்த பெயர் மொட்டை. கடையில் முந்நூறு தமிழ் எழுத்துருக்கள் இருந்தும் இந்தக் கணினியில் ஒன்றைக்கூட அவர் ஏற்றியதில்லை. கோப்பைத் திறந்து, ஆட்காட்டி விரலை முதல் வரியில் வைத்து, உதடசையப் படிக்கிறார். பிறகு கடைசி வரி. மொட்டையில் தெரிந்தால் உலகத்தில் எங்கும் தெரியும். அதன் பிறகே அனுப்புவார்.

"ஒரு கேள்வித்தாளுக்கு இவ்ளோ சடங்கா?" என்கிறார் காத்திருக்கும் டீச்சர்.

"எழுத்தோட உருவம் உங்க கோப்புல இல்ல டீச்சர், என் மெஷின்ல இருக்கு. அதையும் உள்ள வெச்சு அனுப்பலன்னா, அந்தப் பக்கம் கட்டம் கட்டமாத்தான் தெரியும். போற எடத்துல சோறு கெடைக்கும்னு நம்பி ஆளை அனுப்புவோமா? கட்டுச்சோறு கட்டிக் குடுக்கணும்."

"என் பசங்களுக்குக் கட்டமா வந்தாலும் ஒண்ணுதான், எழுத்தா வந்தாலும் ஒண்ணுதான்."

அவர் சிரிப்பதில்லை. திரையின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'டிக் போட்டாச்சா?' எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிக்கச் சொல்லும் அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போட்டாயிற்றா என்று எல்லாரையும் கேட்டுக் கேட்டு, அலுவலகத் தெருவில் அவர் பெயரே டிக் அண்ணன் என்றாகிவிட்டது. தட்டச்சில் பெரிய நேர்த்தி உண்டென்று சொல்லமாட்டேன். தேவையில்லாத இடத்தில் அடிக்கோடு இழுப்பார். ஓரத்தை அளவுக்கு மீறி விடுவார். ஆனால் அவர் அனுப்பிய கோப்பு படிக்க முடியாமல் திரும்பியதில்லை. ஒன்றைத் தவிர.

அது அவருடைய தங்கையின் கணவருக்காக அடித்தது. மாப்பிள்ளை ஒரு கிடங்கில் கிரேன் ஓட்டினார். தூக்கிய பாரம் நிற்காமல் இறங்கி ஒருவருக்குக் கால் போயிற்று. ஓட்டியவர் குடித்திருந்தார் என்று எழுதி வேலையை விட்டு நீக்கினார்கள். பிரேக் பழுது என்று அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்த தாள்களின் நகல்கள் கையில் இருந்தன. தொழிலாளர் வாரியத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். பதினொரு பக்க மனு. நம் வீட்டு மனுவாயிற்றே என்று, எல்லாரிடமும் இருக்கும் சாதா எழுத்துருவை விட்டு, தன்னிடம் மட்டுமே இருந்த அழகான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைசி நாளில் கோப்பு பெரிதாக இருக்கிறதென்று வாரியத்தின் இணையதளம் ஏற்க மறுத்தது. டிக்கை எடுத்தார். கோப்பு இளைத்தது, ஏறியது. தன் திரையில் ஒருமுறை திறந்து பார்த்தார். முத்து முத்தாக இருந்தது. மொட்டை அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை.

'வாசிக்கத்தக்க எழுத்து ஏதுமில்லை' என்று இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடியிலிருந்து வழக்கம்போல மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். மாப்பிள்ளைதான், "நம்ம மனு அவன் கண்ணுக்குத் தெரியல மச்சான், விடுங்க," என்றார். திட்டியிருந்தால் இவர் மனசு எங்காவது ஆறியிருக்கும். குடிகாரன் என்ற பெயரோடு எந்தக் கிடங்கும் அவரைச் சேர்க்கவில்லை. இப்போது கடை வாசலில் நின்று நகலெடுக்கிறார். ஒரு மனிதன் தன் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த இரண்டு மாதமும் அந்தப் பக்கம் யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை என்பதை, டிக் அண்ணன் அந்த இயந்திரத்தின் சத்தத்தில் தினமும் கேட்கிறார்.

அதே மனுவை, எழுத்துருவைப் பொதித்து, மொட்டையில் பார்த்து, மறுபடி அனுப்பினார். பதினான்கு மாதம் ஆயிற்று. டீச்சர் படியிறங்கும்போது மின்னஞ்சலில் பதில் வந்தது.

முதல் மனு உரிய காலத்தில் வந்தது, ஆனால் வாசிக்க இயலாதது. இரண்டாவது வாசிக்க இயன்றது, ஆனால் காலம் கடந்தது. இனி இது குறித்து எழுத வேண்டியதில்லை.

நகல் இயந்திரம் நின்றது. "என்ன மச்சான், வாரியமா? என்ன போட்டிருக்கான்?"

டிக் அண்ணன் கடிதத்தைப் பென்டிரைவில் ஏற்றி, தரையை உந்தி, மொட்டைக்கு உருண்டார். அது திறக்கும்வரை திரையைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தார்.

"கட்டமா வருதா?" என்று மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றார்.

"இல்ல மாப்ளே. நல்லாத் தெரியுது."

ஆட்காட்டி விரலை முதல் வரியில் வைத்தார். உதடு அசையவில்லை.