பதினான்கு மாத்திரைகளும் செல்வமணி சிஸ்டரும்

போன வியாழக்கிழமை பத்தாம் வகுப்பில் விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சேலத்தில் எனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையின் செவிலியர் செல்வமணி சிஸ்டர் மாரடைப்பில் காலமானார். மீதித் தாள்களையும் கொடுத்து முடித்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அந்த வார்டில் அவரை அறிந்த ஒவ்வொருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். என்னுடையது இது.

ஐம்பத்தாறு வயதில் என் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. அதுவரை தினமும் ஒரு ஹார்மோன் தடுப்பு மாத்திரை போடச் சொன்னார் மருத்துவர். எதற்கென்று சிஸ்டர்தான் விளக்கினார்.

"ஒடம்புல ஊறுற ஹார்மோனைத் தின்னுதான் இந்தக் கட்டி வளருதுங்க டீச்சர். மாத்திரை அந்தச் சோத்தை நிறுத்துது. ஆபரேசன்ல எடுத்துப் பாத்தா, அடங்குச்சா இல்லியான்னு தெரிஞ்சிரும். அதை வச்சுத்தான் மேக்கொண்டு வைத்தியம்."

பத்தாம் நாள், சனிக்கிழமை, கட்டி சிறுத்ததுபோல என் விரலுக்குத் தோன்றியது. கத்தி வைக்காமலே சரியாகிவிடும் என்று நம்பினேன், நம்ப ஆசைப்பட்டேன். வார்டுக்குப் போன் செய்து, ஆபரேஷனுக்கு வரவில்லை என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மல்லசமுத்திரத்தில் என் வீட்டு வாசலில் சிஸ்டர் நின்றார், பஸ்ஸில் வந்த வியர்வையோடு.

"பட்டினி போட்டா கட்டி வாடிக் கெடக்குமுங்க, செத்துப்போயிராது," என்றார். நான் அசையவில்லை. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எடப்பாடிப் பக்கம் ஒரு அம்மா இப்படித்தான் மாத்திரையே போதும்னு நின்னுட்டாங்க. திரும்பி வந்தப்ப எலும்பு வரைக்கும் போயிருச்சு. அன்னிக்கு நான் போயிக் கூப்பிடலீங்க."

என் கணவர்தான், "வாரோமுங்க சிஸ்டர்," என்றார். நான் தலையசைத்தேன்.

குறித்த நாளில் கட்டியை எடுத்தார்கள். மாத்திரைக்கு அது நன்றாக அடங்கியிருந்தது என்று பரிசோதனையில் தெரிந்தது. கீமோ தேவைப்படவில்லை. கதிர்வீச்சு முடிந்தது. மாத்திரை தொடர்கிறது.

வெள்ளிக்கிழமை பள்ளிபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரர் அல்லாத பெண்கள் ஏழெட்டுப் பேர் ஓரமாக நின்றிருந்தோம். அவருடைய கணவர் வந்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"லீவு நாள்ல ஒருத்தரைப் பாத்துட்டு வாரேன்னு கெளம்பிருவா. யாருன்னு சொல்ல மாட்டா," என்றார்.

பக்கத்தில் நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஊட்டுக்கும் வந்தாங்க."

அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாத ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இருக்கிறது.