வெட்டிய இருமல்

குனோங் ராபாட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் கடைக்கு அவர் செக்யூரிட்டி சீருடையில் வந்தார். ஒல்லியான ஆள். யாரோ உள்ளே தூங்குவதுபோல, கண்ணாடிக் கதவைப் பிடித்து மெதுவாகச் சாத்தினார்.

கைப்பேசியில் ஒரு பிறந்தநாள் வீடியோ காட்டினார். பாட்டுக்குப் பின்னால், பக்கத்து அறையில் அவர் அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்த மெஷின் சத்தம் மட்டும் நிக்காம ஓடணும் அண்ணே.”

“எதுக்கு?”

“அப்பா ஆஸ்பத்திரியில தவறிட்டாரு. உடலைத் தம்பி வீட்ல வெச்சு எடுத்துட்டோம். மெஷினையும் திருப்பிக் கொடுத்தாச்சு லா. அம்மா படுக்கையில இருக்காங்க, கண்ணு தெரியாது. இன்னும் சொல்லல, அப்பா வீட்டுக்கு வந்துட்டாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். தினமும் நாந்தான் பொட்டு வெச்சு விடுறேன்.”

சத்தத்தைப் பிரித்தெடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி இணைத்தேன். நடுவில் அவர் அப்பா இருமியிருந்தார். பாழாய்ப்போன தொழில்புத்தி, சுத்தமாக இருக்கட்டும் என்று அதை வெட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் வந்தார்.

“‘உங்கப்பா இப்பல்லாம் இருமவே இல்லையேடா’ன்னு கேட்டாங்க அண்ணே. நேத்து பொட்டு வைக்கப் போனேன். கையத் தள்ளிவிட்டுட்டாங்க.”

இருமலை வெட்டியது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று காத்து நின்றேன். கதவை அதேபோல மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.