ரத்தம் கொட்டும் கைக்கு ஹெப்பாரின்

விருத்தாசலம் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பீங்கான் வெட்டு அன்றாடக் காயம். அதனால், செல்வியை அவர் கணவர் காளியப்பன் ஷேர் ஆட்டோவிலிருந்து இறக்கியதும் தையல் டிரேயைத்தான் எடுத்தேன். இடது உள்ளங்கை ஆழமாக அறுந்திருந்தது. சுற்றியிருந்த துண்டு நனைந்து சொட்டியது.

“பீங்கான் கம்பெனியில பியூஸ் கேரியர் செக் பண்ணிக்கிட்டு இருந்தாளாம். ஒடைஞ்ச பீஸு மேல கைய ஊனிட்டா. சீக்கிரம் தையல் போடுங்க சிஸ்டர்.”

காயத்தைக் கழுவினேன். செல்வி வலது கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ரவிக்கை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது.

“எப்பிடிம்மா ஊனுனீங்க?”

“தாடையெல்லாம் இழுத்துச்சு சிஸ்டர். நெஞ்சுல கல்ல வச்சாப்புல இருந்துச்சு. கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. கேஸ் டிரபுளா இருக்கும்.”

டிரேயைத் தள்ளிவைத்துவிட்டு ஈ.சி.ஜி. எடுத்தேன். டியூட்டி டாக்டர் நித்யா பேப்பரைப் பார்த்ததும், “அட்டாக் சிஸ்டர், பெருசு” என்றார். அதைப் படமெடுத்துக் கடலூரில் இருந்த இதய டாக்டருக்கு அனுப்பி, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“கேத் லேப் ரெடி பண்றேன். நேரா அனுப்புங்க, அடைப்ப இங்க தொறந்துடலாம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் லோடிங் டோஸ் குடுத்துட்டு ஹெப்பாரின் போடுங்க.”

“சார், கையில ரத்தம் நிக்கல.”

“தலையில அடி பட்டுச்சா? வயித்துப் புண்ணு? முன்னாடி பக்கவாதம்?”

ஒவ்வொன்றாகச் செல்வியிடம் கேட்டோம். எதுவும் இல்லை.

“அப்ப உள்ள எங்கயும் ரத்தம் கசியாது, குடுங்க. கைய அழுத்திப் பிடிச்சுக்கலாம். உள்ள அடைச்சத யாரு போயி பிடிக்கிறது?”

செல்வி மாத்திரைகளை விழுங்கினார். ஊசியை எடுத்தபோது காளியப்பன் குறுக்கே வந்து நின்றார்.

“என்ன ஊசி அது?”

“ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு.”

“இங்க இப்பிடி ஊத்திக்கிட்டு இருக்குது, இதுல ரத்தத்த தண்ணியாக்குற மருந்தா? கொன்னுடுவீங்க!”

அவர் பயந்ததில் தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான்.

“அண்ணே, கையில வர்ற ரத்தம் கண்ணுக்குத் தெரியுது, என்னால நிறுத்த முடியும். நெஞ்சுல ரத்தம் கட்டி, வழி அடைச்சிருக்குது. இத போடலன்னா அந்தக் கட்டி இன்னும் பெருசாவும்.”

அவர் மனைவியைப் பார்த்தார். “போடச் சொல்லுங்க” என்றார் செல்வி. காளியப்பன் விலகினார். ஊசியைப் போட்டேன். “நீங்க கூட வருவீங்களா சிஸ்டர்?” என்று கேட்டார் காளியப்பன்.

“போங்க சிஸ்டர், இங்க நான் பாத்துக்கறேன்” என்றார் நித்யா.

108-இல் செல்வியின் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தேன். வைத்த பேட் ஊறிவிட்டது. அதன்மேல் இன்னொன்றை வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன். விரல்கள் மரத்துப்போயின. விட்டால் ரத்தம் பீறிடும். காளியப்பன் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். நெய்வேலி வருவதற்குள் கசிவு குறைந்தது. வடலூர் தாண்டியதும் செல்வி கண் திறந்தார்.

“கல்ல எறக்கி வச்சாப்புல இருக்குது சிஸ்டர்.”

கேத் லேபில் வலது மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தேன். முழுதாக மூடியிருக்கும் என்று நினைத்த ரத்தக்குழாயில் நூல் மாதிரி ஓர் ஓட்டம் போய்க்கொண்டிருந்தது.

“மருந்து வேலைய ஆரம்பிச்சிருச்சு!” என்றார் டாக்டர். பலூன் விரிந்தது, ஸ்டென்ட் உட்கார்ந்தது. அந்த நூல் ஆறாகப் பாய்ந்தது. நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். டெக்னீஷியனும் சேர்ந்து தட்டினார்.

வெளியே வந்து சொன்னதும் காளியப்பன் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். நித்யாவுக்குப் போன் செய்தேன். கேஷுவாலிட்டியே சந்தோஷத்தில் கூச்சல் போட்டது எனக்குக் கேட்டது. உள்ளங்கைக்குத் தையல் அதற்குப் பிறகுதான் போட்டார்கள்.

எல்லாருக்கும் வழியிலேயே அடைப்பு இளகுவதில்லை. ஆனால், புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நோயாளி காட்டுகிற காயத்தோடு நின்றுவிடாதீர்கள், அது எப்படி வந்தது என்று கேளுங்கள். மருந்தைக் கண்டு பயம் வந்தால், கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தெளிந்த பிறகு தயங்காமல் ஊசியைப் போடுங்கள்.