இட்லிப் பானையில் வெந்த கோழி

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டை தாலுகா ஆபீசுக்கு மாறுதலாகி வந்தபோது, வாடகை வீடு கேட்டுப் போன இடத்தில் ஒரு பொய் சொன்னேன். வீட்டுக்காரர் பலசரக்குக் கடைக்காரர். "நீங்க சைவந்தானே?" என்றார். முற்றத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "பரம்பரைச் சைவம்" என்றேன். ஊரில் பல கிணறுகள் உப்பு. நல்ல தண்ணீருக்கு அரை மைல் குடம் சுமக்க வேண்டும். என் மனைவிக்கு அப்போது நாலு மாதம்.

மறு மாதமே அவளுக்குக் கோழிக்கறி ஆசை வந்தது. பரளச்சியில் இருந்த தாய்வீட்டுக்கு பஸ்ஸில் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய், மஞ்சள் தடவிய கறியைத் தூக்குச்சட்டியில் வாங்கி வந்தேன்.

மற்றவர்கள் மசாலா அரைத்துத் தாளிப்பார்கள். அம்மிச் சத்தமும் தாளிக்கும் வாசனையும் நடுச்சுவரைத் தாண்டி வீட்டுக்காரர் பக்கம் போகும் என்பதால் எங்களுக்கு இரண்டும் விலக்கு. கறியை மிளகு, சீரகம், பூண்டு, உப்பில் புரட்டி, வாழையிலையில் பொட்டலம் கட்டி, இட்லித் தட்டில் வைப்போம். பானை மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்துவிட்டால் ஆவி வெளியே வராது. எலும்புத் துண்டுகள் ரசத்தில் கொதிக்கும், பெருங்காயம் இரண்டு மடங்கு. பெருங்காயம் ஆபீஸ் முத்திரை மாதிரி, எதன் மேல் குத்தினாலும் செல்லும். வெந்த கறியை உதிர்த்துத் தேங்காய்ப்பூ சேர்த்தால் வாழைக்காய்ப் புட்டு போலவே இருக்கும். ஒருநாள் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "புட்டு நல்லா உதிரியா வந்துருக்கே, என்ன பக்குவம்?" என்றார். என் மனைவி தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "காய் நல்ல காய், அக்கா" என்றாள். எலும்புகள் திங்கட்கிழமை என் ஆபீஸ் பையில் கண்மாய்க்கரைக்குப் போகும். தெருநாய்கள் மட்டும் என்னிடம் அளவு கடந்த மரியாதை காட்டின.

இத்தனை கவனமாக இருந்தும், கெடுத்தது எங்கள் பக்திதான். அந்த வீட்டில், பின்கட்டில் குடியிருந்த மில் தொழிலாளி குடும்பம் உட்பட, காக்கைக்கு வைக்காமல் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. சைவத்தை நிரூபிக்க நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு, பழக்க தோஷத்தில் என் மனைவி கோழி ரசம் பிசைந்த சோற்றைச் சுவரில் வைத்துவிட்டாள். அதில் ஒரு எலும்பு கிடந்திருக்கிறது. காக்கை அதைக் கிணற்றுமேட்டில், தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவின் காலடியில் போட்டது.

மாலையில் வீட்டுக்காரர் வந்தார்.

"பின்கட்டு மில்லுக்காரன் வேலைதான் சார் இது. கிளப்புக் கடையில கறி திங்கிறான்னு தெரியும். இப்ப வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டான். நீங்க சட்டம் தெரிஞ்சவுக. காலி பண்ணச் சொல்லி ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க."

எழுதினேன். மனசாட்சிக்காக அதில் ஓட்டைகள் விட்டேன்: காலக்கெடு இல்லை, காரணத்துக்குச் சாட்சி இல்லை. எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. மில்லுக்காரர் எதிர்த்தால் ஜெயிப்பார் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலையில் மில்லுக்காரர் அந்தக் காகிதத்தோடு என்னிடமே வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நானே எழுதியதை நானே வாசித்துக் காட்டினேன்.

"நான் வீட்டுக்குள்ள ஒரு முட்டை கூட வாங்கிட்டு வந்ததில்ல சார். கைப்புள்ளக்காரியை வச்சுக்கிட்டு எங்க போவேன்? இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

வழி இருந்தது. 'இது செல்லாது, பேசாமல் இருங்கள்' என்று சொன்னால் போதும். சொன்னால், இவர் போய் வாதாடுவார்; எலும்பு யாருடையது என்று வீட்டுக்காரர் மறுபடி தேட ஆரம்பிப்பார். உள்ளே என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே, சட்டம் அப்படி" என்றேன்.

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.