ஜொகூர் பூங்காவில் ஒரு போலிப் பாடகன்

காலை 6.10. பொந்தியானில் தோழி வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்னும் விடியவில்லை. ஜொகூர் பாருவின் ஹுத்தான் பண்டார் பூங்காவுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். வாடகைக் கார் எழுபது மலேசிய வெள்ளி. எதற்குப் போகிறேன் என்று தெரிந்ததும் ஓட்டுநர் சேகர் சிரித்துவிட்டார்.

"பறவ பாக்க இவ்ளோ தூரமா? எங்க வீடு இருக்குற தாமானுக்கு வாங்கக்கா. மைனா கத்துறதுல தூங்கவே முடியல லா."

என் கண்ணைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வருடமாக எனக்கு எல்லாமே புகைமூட்டம்தான். "இனிமே எதுக்கும்மா இந்தப் பறவைப் பைத்தியம்?" என்று அம்பாசமுத்திரத்தில் மகன் கேட்டபோது வந்த கோபம் கடல் தாண்டியும் ஆறவில்லை. ஒரே ஒரு பறவையையாவது என் பெயரில் ஒரு கணக்கெடுப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்றிருந்தேன்.

7.25. பூங்கா வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள். மாதம் ஒருமுறை இங்கே பறவை எண்ணும் குழு. தலைவர் கதிரேசன், தொழிற்சாலை ஊழியர். என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து இரக்கப்பட்டு, எனக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று தண்ணீர்ப் பையைச் சுமக்கக் கொடுத்தார். பற்றிக்கொண்டு வந்தது. வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

8.10. குளத்தைத் தாண்டியதும் உயரத்திலிருந்து ஒரு பாட்டு, அப்படியொரு குழைவு. கதிரேசன் கைபேசியை உயர்த்தினார். பாட்டைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் செயலி அதில் இருக்கிறது.

"முராய் பாத்து. நம்ம சோலைப்பாடி. யாரோ கூண்டுல வளத்தது தப்பிச்சு வந்திருக்கும். எழுதிக்கோங்க."

"எழுதாதீங்க தம்பி," என்றேன்.

பாட்டு முடிந்த அதே கிளையில், மூச்சு விடாமல், கொண்டைக்குருவியின் சண்டைக் குரல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினாற்போல் ஓர் ஒலி. பாபநாசம் மலையில் என்னைப் பலமுறை ஏமாற்றிய ஆசாமி.

"இது துடுப்புவால் கரிச்சான். மத்த பறவைங்க மாதிரி பேசிக் காட்டுது."

"போன் தப்பா சொல்லாதுக்கா..."

அவர் முடிப்பதற்குள் இறக்கைச் சத்தம். "அலமாக்," என்று வியந்தாள் பக்கத்தில் நின்ற பெண். "ரெண்டு துடுப்பும் பின்னாடி தொங்கிக்கிட்டுப் போகுது பாருங்க."

எனக்கு நிழல்கூடத் தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா, பட்டியல்ல பார்த்தவர்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார் கதிரேசன் மெதுவாக. "உங்க முழுப் பேரு சொல்லுங்க."

மீனாட்சி சண்முகம். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

ஊரில் இப்படி நடக்கப் போனால் பறவையைவிட எங்கள் பேச்சுச் சத்தம்தான் அதிகம் கேட்கும். இங்கே கைபேசிகள் சட்டைப் பைக்குள் போயின. "நீங்க முன்னாடி போங்கக்கா," என்றார் கதிரேசன். எட்டுப் பேரும் வாயைத் திறக்காமல் என் பின்னால் நடந்தார்கள்.