சீனி கிளினிக்கில் கேட்ட கேள்வி

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக்காரரைப் பார்க்கிற கிளினிக் நாளென்றால் டொக்டருக்கு முன்னால் கதிரையில் ஒருவர், அடுத்தவர் பக்கத்து வாங்கில். ஒருத்தரின் வருத்தம் மற்றவருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. அன்றைக்கு வாங்கில் இருந்தது என் பக்கத்து வளவுக்காரி. வாய் ஓயாதவள். அவள் காதில் விழுந்த கதை பொழுதுபடுவதற்குள் இரணைமடுக் குளம்வரைக்கும் போய்விடும்.

என் மனுசன் செத்த பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, நாக்கில் ருசியும் இல்லை. சோறு வடித்தேன், கோழிக்குத் தீன் போட்டேன், படுத்தேன். வேறு யாரோ என் கைகால்களை அசைக்கிற மாதிரி இருந்தது.

டொக்டர் வயதில் சின்னப்பிள்ளை. ஏறிக் கிடந்த சீனி அளவையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"அம்மா, இனி இருந்தென்ன, செத்தால் நல்லம் எண்டு எப்பவாவது நினைச்சனீங்களோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

"சீச்சீ! எனக்கென்ன விசரோ?"

அவர் கோபிக்கவில்லை. "வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் எங்க வைக்கிறனீங்கள்?"

வயல் கதைதானே என்று வாயை விட்டேன். "முந்திக் கொட்டிலுக்குள்ள. இப்ப ஒரு போத்தல் கட்டிலுக்குக் கீழ கிடக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அந்தப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தது நான்தான். ஏன் வைத்தாய் என்று என்னை நானே கேட்டதில்லை. கேட்டால் பதில் தெரியும், அதனால்தான்.

"இண்டைக்கே அதை ஆரிட்டையாவது குடுத்திடுங்கோ அம்மா. அடுத்த கிழமை கட்டாயம் வாங்கோ. ஆறுதலா இருந்து கதைப்பம்."

"ஓம், ஓம்" என்றேன். கொடுக்கிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

பஸ்ஸில் பக்கத்து வளவுக்காரி ஒரு சொல் கதைக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அதுகூட என்னை ஒன்றும் செய்யவில்லை. இறங்கியவள் தன் வாசல் படலையைத் தாண்டி என் பின்னாலேயே வந்தாள். நேரே அறைக்குள் போனாள், குனிந்து போத்தலை எடுத்தாள்.

"எங்கட வயலுக்கு மருந்து காணாதாம் அக்கா. இதைக் கொண்டு போறன்."

அவர்களுடைய வயல் அறுத்து முடிந்து மாடு மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"வையடி அதை!" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் விடவில்லை. போத்தலை மற்றக் கைக்கு மாற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள், பிள்ளைக்கு எட்டாமல் கத்தியை ஒளிக்கிற மாதிரி. எனக்காக ஒருத்தி இப்படிப் பயப்படுவாள் என்று நான் நினைத்திருக்கவேயில்லை. நெஞ்சுக்குள் எதுவோ வலித்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வலித்தது.

கையை எடுத்தேன்.

"கொண்டு போ" என்றேன். "திருப்பித் தர வேண்டாம்."